கருவாடு வளர்த்த துறைமுகம்

நார்வேயின் மேற்குக் கரையில், ஏழு மலைகள் சூழ அமைந்த துறைமுக நகரம் பெர்கன். 1070ஆம் ஆண்டளவில் அரசர் மூன்றாம் ஓலாவ் நிறுவியதாக மரபு. இந்த ஊரைச் செழிக்க வைத்தது பொன்னோ பட்டோ அல்ல, கருவாடு.

வடக்கே லோஃபோடன் தீவுகளில் குளிர்காலத்தில் பிடிபடும் காட் மீனை, ஒரு கல் உப்புகூடச் சேர்க்காமல் மரப் பரண்களில் தொங்கவிட்டுக் காற்றிலேயே காயவைப்பார்கள். அது விறகுக்கட்டை போல் இறுகி, ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். படகுகளில் பெர்கனுக்கு வந்த அந்தக் கருவாட்டை ஜெர்மன் வணிகர்கள் வாங்கி ஐரோப்பாவெங்கும் விற்றார்கள். விளைச்சல் போதாத நார்வேக்குத் தானியம் கொண்டுவந்தார்கள். ஹான்சா என்ற வணிகக் கூட்டமைப்பு 1360 வாக்கில் இங்கே அமைத்த வணிகக் குடியிருப்பு 1754 வரை நீடித்தது.

அந்தக் குடியிருப்பு இருந்த இடம்தான் பிரிக்கன். துறையைப் பார்த்த முக்கோண முகப்புகள், பின்னால் ஒடுங்கிய சந்துகள், எல்லாமே மரம். தீக்குப் பயந்து இந்த வீடுகளில் அடுப்போ விளக்கோ ஏற்றவில்லை. சமைக்கவும் குளிர்காயவும் பின்புறம் தனிக் கூடங்கள் இருந்தன. வணிகர்களும் வேலை பழகும் பையன்களும் மணமாகாத ஆண்களாகவே வாழவேண்டும் என்பது கட்டுப்பாடு. இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் 1702இல் எல்லாம் எரிந்தது. பழைய அமைப்பிலேயே மீண்டும் கட்டினார்கள். அந்தப் பிடிவாதத்தால்தான் இடைக்காலத் துறைமுகத்தின் வடிவம் இன்றும் கண்முன் நிற்கிறது. 1979இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

1955இல் ஒரு பகுதி மறுபடி எரிந்த பிறகு, அதன் அடியில் அகழாய்வு நடந்தது. ரூன் என்ற பழைய எழுத்துகள் கீறிய நூற்றுக்கணக்கான மரத்துண்டுகள் கிடைத்தன. சரக்கின் உரிமையாளர் பெயர், கடிதம், காதல், வம்பு எல்லாம் அவற்றில் உண்டு. ஒன்றில், வீட்டுக்கு வரும்படி கீடா என்ற பெண் சொல்வதாக எழுதியிருக்கிறது. அதன் கீழே யாரோ கிறுக்கிய பதிலைப் படிக்கவே முடியவில்லை. பிரிக்கன் அருங்காட்சியகம் இந்தத் தளத்தின் மேலேயே எழுந்திருக்கிறது.

துறையின் வாயிலில் 1261இல் கட்டிமுடித்த ஹோகான் மண்டபம் நிற்கிறது. 1944இல் துறையில் ஒரு வெடிமருந்துக் கப்பல் வெடித்ததில் அது கூரையை இழந்து, பின்னர் புதுப்பிக்கப்பட்டது. உள்முனையில் மீன் சந்தை. அருகிலிருந்து 1918 முதல் ஓடும் இழுவை ரயிலில் ஏறினால், 320 மீட்டர் உயரத்திலிருந்து முழுத் துறையும் தெரியும்.

முகப்பைப் படம் எடுத்துத் திரும்பினால் பிரிக்கனைப் பார்த்ததாகாது. சாய்ந்து நிற்கும் சுவர்களுக்கிடையே சந்துக்குள் நடக்கவேண்டும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர், குடை அவசியம்.