93.5க்கு அடுத்து ஏன் 94.3?

சென்னையின் பண்பலை நிலையங்களுக்கு மாமல்லபுரமும் செங்கல்பட்டும் எல்லை ஊர்கள். பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது, பூமியோ வளைந்திருக்கிறது. நூறு மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலைக்கும், தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏரியலுக்கும் நடுவே 47 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்தால், இரண்டுக்கும் குறுக்கே பூமியே வந்துவிடும். இரண்டு ஊர்களும் நகரத்திலிருந்து ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. அதனால் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ ஜி.எஸ்.டி. சாலையிலோ தெற்கே போகப் போக, பாட்டுக்கு நடுவே இரைச்சல் புகும். செங்கல்பட்டில் குன்றுகளும் சேர்ந்து மறைக்கும்.

அப்படி நிலையம் நழுவும்போது கேட்பவர் தேடுவது பெரும்பாலும் எண்ணைத்தான். 93.5 என்றால் சூரியன், 98.3 என்றால் மிர்ச்சி, 106.4 என்றால் ஹலோ. நம் ஊர் வானொலியில் பெயரைவிட எண்ணுக்கு ஆயுள் அதிகம். தொடக்கத்தில் அப்படி இல்லை.

வானொலி நிலையத்துக்கு முதலில் கிடைத்த அடையாளம் எழுத்துகள். கப்பல்களின் கம்பியில்லாத் தந்திக் காலத்திலேயே ஒவ்வொரு நாட்டுக்கும் முதலெழுத்துகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். இந்தியாவுக்கு வந்த தொகுதிகளில் ஒன்று வி.டி.ஏ. தொடங்கி வி.டபிள்யூ.இசட். வரை. மீனம்பாக்கத்தில் இறங்கும் இந்திய விமானங்களில் 'வி.டி.' என்று எழுதியிருப்பதும் அந்தத் தொகுதியிலிருந்து வந்ததுதான். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியபோது அதன் அழைப்புக் குறி வி.யு.எம். பம்பாய் வி.யு.பி., கல்கத்தா வி.யு.சி., மறு ஆண்டு திறந்த திருச்சி வி.யு.டி. தமிழில் எழுதினால் இந்த 'டி' டெல்லியின் 'டி'யோடு குழம்பும். ஆங்கில எழுத்தில் இரண்டும் வேறு.

அந்தக் குறிகள் நிகழ்ச்சி நிரல்களில் அச்சாயின, மக்கள் வாயில் மட்டும் ஏறவே இல்லை. காரணம் எளிது: நாட்டின் பெரும்பாலான நிலையங்களை நடத்தியது அரசு ஒன்றுதான். எந்த நிலையம் என்று தெரிய ஊர்ப் பெயர் போதும். அமெரிக்காவில் ஓர் ஊரிலேயே பத்து முதலாளிகள் பத்து நிலையம் நடத்தியதால் எழுத்துகளே விளம்பரச் சின்னங்களாகின. முதலாளி மாறினால் எழுத்தை மாற்றுவார்கள். சில சமயம் எழுத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றுவார்கள். நியூயார்க்கின் டபிள்யூ.ஏ.பி.சி. 1982 மே 10 அன்று பாட்டை நிறுத்திப் பேச்சுக்கு மாறியது. நாலு எழுத்தும் அப்படியே இருந்தன.

நமக்குப் பக்கத்தில் பெயர் மாற்றத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு கொழும்பு. ரேடியோ சிலோன் 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆயிற்று. 1972இல் நாட்டின் பெயர் மாறியதும் ஆங்கிலத்தில் இன்னொரு முறை மாறியது. கேட்டவர்களுக்கு அது கடைசிவரை 'சிலோன் ரேடியோ'தான். இந்தக் கடற்கரையில் அது கேட்டதற்கு இயற்பியலும் உதவியது. மத்திய அலை தரையை ஒட்டியும் போகும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், நிலத்தைவிடக் கடல்மேல் அலை குறைவாகவே தேயும். 1952 வாக்கில் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டை ஒதுக்கிவைத்தபோது நேயர்கள் கொழும்புக்குத் திரும்பினார்கள். அவர்களை மீட்க 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி பிறந்தது. அரசு வானொலி தன் உள்ளடக்கத்தை மாற்றிக்கொண்டதற்கு ஒரு பக்கத்து நாட்டு நிலையம் காரணமாக இருந்தது என்பதை நம் ஒலிபரப்பு வரலாறு இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பும் சென்னையில்தான் தொடங்கியது, 1977 ஜூலை 23 அன்று. பெட்டி வைத்திருந்தவர்கள் குறைவு என்பதால் அதிகம் பேசப்படவில்லை. தொண்ணூறுகளில் அரசு தன் பண்பலை நேரத்தைத் துண்டு போட்டுத் தனியாருக்கு விற்றது. ஒரே அலைவரிசையில் நேரத்துக்கொரு நிறுவனம், நேரத்துக்கொரு தோரணை! முழு அலைவரிசையே தனியார் கைக்கு வந்தது அதன் பிறகு நடந்த ஏலங்களில்.

இங்கேதான் தலைப்பிலுள்ள கேள்வி வருகிறது. சென்னைத் தனியார் நிலையங்கள் சிலவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 91.1, 91.9, 92.7, 93.5, 94.3. ஒவ்வொன்றுக்கும் இடையே 0.8 மெகாஹெர்ட்ஸ், அதாவது 800 கிலோஹெர்ட்ஸ். பண்பலையில் ஒலிக்கேற்ப அலைவெண் இருபுறமும் அசைகிறது. ஸ்டீரியோவும் சேர்ந்தால் ஒரு நிலையத்துக்கு ஏறக்குறைய 200 கிலோஹெர்ட்ஸ் அகலம் தேவை. ஒரே நகரத்தில் வலுவான நிலையங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மலிவான பெட்டிகள் திணறும் என்பதால் தாராளமாக இடைவெளி விட்டார்கள். இதனால் ஒரு நகரத்தில் கொடுக்க முடிந்த எண்கள் சிலவே, ஏலத்தில் விலையும் ஏறியது.

ஆக, நிறுவனம் உண்மையில் வாங்குவது இடம். பெயர் வாசலில் மாட்டும் பலகை. 91.9இல் முன்பு குமுதம் குழுமத்தின் ஆஹா இருந்தது, பிறகு ஃபீவர் வந்தது. சன் குழுமம் தமிழ்நாட்டில் சூரியன் என்ற பெயரை விடவில்லை. வெளிமாநிலங்களில் எஸ் எஃப்.எம். என்றிருந்ததை ரெட் எஃப்.எம். ஆக்கியது. இரண்டு பலகைக்கும் எண் 93.5. பழைய பாட்டா, புதுப் பாட்டா, தமிழா, ஆங்கிலமா என்பதையும் நிறுவனமே முடிவு செய்யலாம். செய்தியில் மட்டும் கை கட்டப்பட்டிருக்கிறது: சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது, அரசு வானொலியின் செய்தியை மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம்.

அரசு வானொலியிலோ பெயர்தான் வம்பு. 'ஆகாசவாணி' என்ற பெயரைத் தமிழ்நாடு நெடுங்காலமாக ஏற்கவில்லை. 2023 மே மாதம் ஆங்கிலத்திலும் 'ஆகாசவாணி' என்றே சொல்ல வேண்டும் என்று பிரசார் பாரதி உத்தரவிட்டதும் இங்கிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. அதற்காகச் சென்னை நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸில் எந்த மாற்றமும் இல்லை. ஆவடியிலிருந்து வரும் அந்த மத்திய அலைக்கு முன்னே சொன்ன 47 கிலோமீட்டர் கணக்கும் பொருந்தாது. செங்கல்பட்டுக் குன்றுகளைத் தாண்டியும் கேட்கும்.

எண்ணே அடையாளம் என்ற விதி சமூக வானொலியில் தலைகீழாகிறது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004இல் தொடங்கியது, எண் 90.4. செங்கல்பட்டு மாவட்டத்துக் காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். நடத்தும் முத்துச்சரத்துக்கும் 90.4. பாம்பன் மீனவர்களின் கடல் ஓசைக்கும் அதே 90.4. சமூக வானொலியின் திறன் வழக்கமாக 100 வாட், கோபுரம் 30 மீட்டருக்குள். பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் அலை அடங்கிவிடுவதால் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கொடுக்கலாம். இரண்டின் எல்லைகள் தொட்டுக்கொண்டாலும் பெரிய கேடில்லை: பண்பலைப் பெட்டி வலுவான அலையைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். மத்திய அலையைப் போல இரண்டு குரலும் கலந்து விசில் அடிக்காது. இவர்களுக்குப் பெயர்தான் முகவரி.

தனியாருக்கு அப்படியில்லை. பழைய உரிமங்கள் பல 2015 ஏப்ரலில் பதினைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டவை. 2030 மார்ச் முடிவில் அவை காலாவதியாகும்போது, பல ஆண்டுகள் விளம்பரம் செய்து நம் காதில் ஏற்றிய அந்த எண்கள் மறுபடியும் அரசின் கைக்கு வரும்.