கருப்புக் காய் வந்தால் அடித்து ஆடலாமா? அதிரடி ஓப்பனிங் கற்பவர்கள் கவனிக்க வேண்டியவை!

செஸ்ஸில் முதல் நகர்த்தல் எப்போதும் வெள்ளைக்குத்தான். கைதேர்ந்தவர்களின் ஆட்டங்களைக் கூட்டிப் பார்த்தால், மொத்தப் புள்ளிகளில் 52 முதல் 56 சதவிகிதம் வெள்ளைக்கே போகிறது. அதனால் கருப்புக் காய் கிடைத்தால் 'டிரா போதும்' என்று ஒதுங்கி ஆடுபவர்கள் உண்டு. ஆரம்பத்திலேயே சிப்பாயைக் காவு கொடுத்து மோதுபவர்களும் உண்டு. மோத நினைப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: ரிஸ்க் வேறு, பொறி வேறு.

எட்டே நகர்த்தலில் செக்மேட்!

செல்போனில் செஸ் ஆடுபவர்களுக்கு 'எங்லுண்ட் கேம்பிட்' தெரிந்திருக்கும். வெள்ளை, ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தியதும், கருப்பு தன் ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை அதன் வாயிலேயே கொண்டுபோய் வைக்கும். பிறகு கருப்பு ராணி இறங்கி, செக் வைத்து, ஒரு சிப்பாயையும் வெட்டும். அந்த ராணியை விரட்ட வெள்ளை தன் பிஷப்பைக் கொண்டுவந்தால் முடிந்தது கதை. எட்டாவது நகர்த்தலில் செக்மேட்!

ஆனால், பிஷப்புக்குப் பதில் குதிரையைக் கொண்டுவந்தால்? கருப்பு ராணி எதிரி முகாமில் தனியாக நிற்கும். அதன் படையில் பெரும்பாலான காய்கள் வீட்டைவிட்டே கிளம்பியிருக்காது. பதில் தெரிந்த ஒருவரைச் சந்திக்கும்வரைதான் பொறிக்கு ஆயுள்.

தோற்றும் சாகாத ஓப்பனிங்

உண்மையான ரிஸ்க் எப்படி இருக்கும்? 1918-ல் நியூயார்க்கில், அமெரிக்காவின் ஃபிராங்க் மார்ஷல், கியூபாவின் கபாபிளாங்காவுக்கு எதிராகக் கருப்பில் ஆடினார். ஒரு சிப்பாயைக் காவு கொடுத்து ராஜாவை நோக்கிப் பாய்ந்தார். கபாபிளாங்கா நிதானமாகத் தடுத்து ஜெயித்துவிட்டார். ஆனாலும், 'மார்ஷல் அட்டாக்' நூறு ஆண்டுகள் தாண்டியும் உயிரோடு இருக்கிறது. அதைத் தவிர்ப்பதற்காகவே வேறு பாதையில் போகும் கிராண்ட்மாஸ்டர்கள் உண்டு. காரணம், அங்கே எதிராளி சரியாக ஆடினாலும் கருப்புக்குக் கையில் ஏதாவது மிஞ்சும்.

விஸ்வநாதன் ஆனந்துக்கும் இப்படியோர் அதிர்ச்சி காத்திருந்தது. 1995 உலக சாம்பியன்ஷிப்பில் பத்து ஆட்டங்கள் முடிந்தபோது காஸ்பரோவும் அவரும் 5-5 என்று சமநிலை. 11-வது ஆட்டத்தில் கருப்பில் ஆடிய காஸ்பரோவ், தான் வழக்கமாக ஆடாத 'சிசிலியன் டிராகனை' எடுத்தார். பெரும்பாலும் இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் காஸ்லிங் செய்துகொண்டு, ஒருவர் ராஜாவை ஒருவர் துரத்தும் ஆபத்தான ஓப்பனிங் அது. அந்த ஆட்டத்தையும், 13-வது ஆட்டத்தில் அதே டிராகனையும் ஜெயித்தார். முடிவில் 10.5 - 7.5 என்று பட்டம் காஸ்பரோவுக்கே.

2024 ஏப்ரலில் டொரண்டோ கேண்டிடேட்ஸில், 18 வயது பிரக்ஞானந்தா கருப்பில் ஆடி விதித் குஜராத்தியை வென்றார். ராஜாவுக்குக் காவலாக நிற்க வேண்டிய எஃப் வரிசைச் சிப்பாயை ஆரம்பத்திலேயே இரண்டு கட்டம் தள்ளிய ஆட்டம் அது!

எப்படிப் படிப்பது?

* பிடித்த ஓப்பனிங்குக்கு எதிராளியின் மிகச் சிறந்த பதில் எது என்று முதலில் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆட விருப்பம் இருந்தால் மட்டும் தொடருங்கள்.

* நகர்த்தல்களை மனப்பாடம் செய்தால் போதாது. கொடுத்த சிப்பாய்க்குப் பதிலாக என்ன கிடைத்தது, நேரமா, திறந்த வழியா, ராஜா மீது தாக்குதலா என்று சொல்லத் தெரிய வேண்டும்.

* அந்த ஓப்பனிங்கில் கருப்பு தோற்ற ஆட்டங்களையும் கடைசிவரை ஆடிப் பாருங்கள்.

* ரேட்டிங் போட்டிக்கு முன், நண்பர்களோடு ஆடிச் சோதித்துவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை அதிரடியாக ஆடித் தோற்று வந்தால், 'ஏன் தோத்தே?' என்பதற்குப் பதிலாக, 'அந்தச் சிப்பாயை எதுக்குக் கொடுத்தே?' என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையால் காரணம் சொல்ல முடிந்தால், அந்தத் தோல்வி வீண் இல்லை.