உஷார்! புதுக் கத்தியோடு கருவேலங்காட்டுக்குக் கிளம்பும் தம்பிகளுக்கு

கூரியரில் வந்து இறங்கிய கத்தி. மடக்க முடியாதது, கறுப்பு உறை போட்டது, யூடியூபில் காடு சுற்றும் வெள்ளைக்காரர் இடுப்பில் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் இரண்டு பைக்கில் ஏறி, திருச்சுழிப் பக்கம் ஏதாவது ஒரு கண்மாய்க்குள் போய் அதை வெட்டிப் பார்ப்பது என்று திட்டம். முள்ளும் பாம்பும் அப்புறம் இருக்கட்டும். முதல் வில்லங்கம் காட்டில் இல்லை, ரோட்டில் நிற்கிறது.

ஆயுதச் சட்டம் 1959-இல் வந்தது. அதன் கீழ் இப்போது நடப்பில் இருப்பவை 2016-ஆம் ஆண்டு விதிகள். அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டிய கத்திகளை அவை ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில், அறிவியல் பயன்பாட்டுக்கென்று செய்தவற்றுக்கு மட்டும் விலக்கு. குத்துவாளைத் தனியாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. ஆகவே சைக்கிள் கேரியரில் அருவாளைச் செருகிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிற பெரியவரிடம் கேள்வி கேட்டால் அவரிடம் பதில் உண்டு: வாழைக்கு, வேலிக்கு, ஆட்டுக்குத் தழை ஒடிக்க. உங்கள் பையில் இருப்பது எதற்கு? ‘டெஸ்ட் பண்ண’ என்று எந்த எஸ்.ஐ.யிடமும் சொல்லிப் பார்க்காதீர்கள். எட்டரை அங்குலம்தான் சார் என்று நடுரோட்டில் ஸ்கேல் வைத்து வாதாடவும் முடியாது.

2021 செப்டம்பரில் ‘ஆபரேஷன் டிஸ்ஆர்ம்’ என்று மாநிலம் முழுக்க ரவுடி வேட்டை நடந்தது நினைவிருக்கலாம். அருவாள் அடிக்கும் பட்டறைக்காரர்கள் வாங்குகிறவரின் பெயர், முகவரியைக் குறித்து வைக்க வேண்டும், கேமரா மாட்ட வேண்டும் என்று அப்போது காவல்துறை அறிவுறுத்தியது. தலைமுறை தலைமுறையாக அருவாள் அடிக்கும் ஊர்களுக்கே அந்தக் கெடுபிடி என்றால் உங்களுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இன்னும் கவனம் வேண்டும். செப்டம்பர் 11 பரமக்குடியில் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் குருபூஜை. அந்த நாட்களை ஒட்டிப் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் தடையுத்தரவு போடுவது வழக்கம். முன்பு 144 என்றோம், 2024 ஜூலை முதல் அது 163. வாகனங்களை நிறுத்திப் பார்ப்பார்கள், பையைத் திறக்கச் சொல்வார்கள், எந்த ஊர், யார் மகன் என்று கேட்பார்கள். அந்த வாரங்களில் ஒரு கத்திக்கு இந்த மண்ணில் என்ன அர்த்தம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது அது வீட்டில் இருக்கட்டும்.

சரி, நம்மூரில் காடே இல்லை, மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்குப் போய்விடலாம் என்று தோன்றுகிறதா? அது இன்னும் மோசம். 2021 முதல் அது புலிகள் காப்பகம். வனவிலங்குச் சட்டம் 1972, 31-ஆவது பிரிவுப்படி, எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம். எது ஆயுதம் என்று அந்தச் சட்டம் சொல்லும் விளக்கத்தில் கத்தி பெயரோடு இருக்கிறது. நீளம் அகலமெல்லாம் அங்கே பேச்சே இல்லை.

இனி மரம். வீடியோவில் அவர்கள் பிளப்பது பைன், பிர்ச். நேராக ஓடும் நார், இளகிய கட்டை. கத்தியை வைத்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் இரண்டாகிவிடும். இங்கே உங்களுக்குக் கிடைப்பது சீமைக் கருவேலம். முறுக்கு ஓடிய, கரிமூட்டத்துக்கென்றே பேர்போன வைரக் கட்டை. அதில் கத்தியைச் செருகி முதுகில் அடித்தால் பாதியில் இறுகிக்கொள்ளும். மேலும் அடித்தால் வாய் சில்லுச் சில்லாகப் பெயரும், மட்டமான இரும்பாக இருந்தால் பிடி முனையில் ஒடிந்து தெறிக்கும். தெறிக்கிற துண்டு எந்தப் பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது. பச்சைக் கிளையாவது பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். வளைந்து நிற்கும் முள்கிளையைப் பக்கத்தில் நின்று வெட்டினால் அது விடுபட்டு நேரே முகத்துக்குத்தான் வரும், கண்ணுக்கு உத்தரவாதம் கிடையாது. இந்த முள்ளில் வேலை செய்கிறவர்களைப் பாருங்கள்: ஒரு கையில் கவைக்கம்பு, அதால் கிளையை அமுக்கி எட்டத்தில் நிறுத்திக்கொண்டு, மறு கையில் வளைந்த அருவாளால் இழுத்து வெட்டுவார்கள். கையளவு கத்தியோடு போகிறவனுக்கு அந்த எட்டம் இல்லை. அது இந்த மரத்துக்குச் செய்த கருவியே அல்ல என்பது என் அபிப்பிராயம்.

முள் குத்தினால் அலட்சியம் வேண்டாம். நுனி உள்ளேயே ஒடிந்து நிற்கும், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. முட்டியிலோ விரல் மூட்டிலோ ஏறினால் வாரக்கணக்கில் வீங்கிக் கிடக்கும். புதுக் கத்தியின் நுனியால் நோண்டி எடுக்கிற வீரம் வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள், டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்பதையும் சொல்லுங்கள். தொடைமேல் குச்சியை வைத்துச் சீவும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். தொடையின் உட்பக்கம் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. கண்மாய்க்குள்ளிருந்து ரோட்டுக்கு வந்து சேர்வதற்குள் கதை முடிந்துவிடலாம்.

நான் அதிகம் பயப்படுவது சுருட்டை விரியனுக்கு. சின்னப் பாம்பு, மண் நிறம், முள் சருகுக்கும் காய்ந்த பனையோலைக்கும் அடியில் சுருண்டு கிடக்கும். செதிலோடு செதில் உரசிச் சரசரவென்று சத்தம் கொடுக்கும். கட்டையைப் புரட்டக் குனிகிற கையில்தான் போடும். அதைவிடப் பயம், கடித்த மறுநிமிடம் பக்கத்தில் நிற்கும் நண்பன் கையில் கூரான கத்தி இருப்பது. சினிமாவில் பார்த்ததைச் செய்வான், கடிவாயைக் கீறி ரத்தத்தை உறிஞ்சப் பார்ப்பான். இந்த விரியனின் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்வது. கீறிய இடத்தில் ரத்தம் நிற்காது, விஷமும் வெளியே வராது. இறுக்கிக் கயிறு கட்டவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கி வந்து, மோதிரம், காப்பைக் கழற்றிவிட்டு, 108-க்குப் போன் போட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு நேரே போங்கள். போகிற வழியில் மந்திரிப்பு, பச்சிலை என்று எங்கேயும் வண்டியை நிறுத்தாதீர்கள். பாம்பை அடித்து எடுத்துப் போகவும் தேவையில்லை. இங்கே கிடைக்கும் மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நாலுக்கும் சேர்த்துத்தான் தயாராகிறது.