பழைய கார் வாங்குமுன்: மதிப்பீடு வேறு, பரிசோதனை வேறு

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள். விலை கொடுத்து வாங்கும் மாட்டுக்கு அந்த விதி இல்லை. சந்தைக்குச் சென்ற நம் முன்னோர் பல்லை எண்ணினார்கள், சுழி பார்த்தார்கள், நாலு அடி நடக்கவிட்டார்கள், விவரம் தெரிந்த ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றார்கள். இன்று பல இலட்சம் ரூபாய்க்குப் பழைய கார் வாங்கும்போது, பெயின்ட்டின் பளபளப்பையும் ஏ.சி.யின் குளிர்ச்சியையும் மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுகிறோம்.

மட்டாஞ்சேரியில் பழைய காருக்குக் கடன் கேட்டு வருவோரிடம் ஒரு நம்பிக்கை பரவலாக இருப்பதைக் காண்கிறோம். "வங்கியின் மதிப்பீட்டாளர் பார்த்துவிட்டார், கடனும் கிடைத்துவிட்டது, ஆகவே வண்டி நல்ல வண்டிதான்" என்பதே அது. இதைத் திருத்த வேண்டிய கடமை எங்களுக்கு உண்டு.

வங்கிக்கான மதிப்பீட்டாளர் வண்டியின் தயாரிப்பு ஆண்டு, ஓடிய கிலோமீட்டர், பொதுவான நிலை, சந்தை விலை ஆகியவற்றைப் பார்த்து அறிக்கை தருகிறார். கடன் திரும்பாமற்போனால் அந்த வாகனம் என்ன விலைக்குப் போகும் என்பதே அவருக்கு முன்னுள்ள கேள்வி. அடுத்த மழைக்காலத்தில் எஞ்சின் நின்றுவிடுமா என்று அவரை யாரும் கேட்பதில்லை. எஞ்சின் நின்றாலும் மாதத் தவணை நிற்காது. ஆகவே, வாங்குவோருக்காக மட்டும் நடத்தப்படும் பரிசோதனை ஒன்று தனியே தேவைப்படுகிறது.

பரிசோதனையில் நடப்பது என்ன?

முறையான பரிசோதனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். விற்பவருக்கும் தரகருக்கும் தொடர்பில்லாத மெக்கானிக்கையோ ஒர்க்ஷாப்பையோ வாங்குபவரே தேர்ந்தெடுத்து, கூலியையும் அவரே கொடுக்க வேண்டும். வண்டியை முன்னதாக ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுவது நல்லது. சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும்.

முதலில் உடற்பகுதி. கதவுகளுக்கும் பேனட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி இருபுறமும் ஒரே அளவில் இருக்கிறதா, போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா, பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த இடம் எது என்று மெக்கானிக் பார்ப்பார். சிறிய டிங்கரிங் வேலை குற்றமன்று. ஆனால் சட்டகமே வளைந்து நிமிர்த்தப்பட்ட வண்டியை விட்டு விலகுவதே நல்லது.

அடுத்து எஞ்சின். ஸ்டார்ட் செய்ததும் வரும் புகை நீல நிறமாயின் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெண்புகை நெடுநேரம் நீடித்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று ஐயுற வேண்டும். கரும்புகை எரிபொருள் சரியாக எரியாததைக் காட்டும். ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த தேநீர் போன்ற படிவு இருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கக்கூடும். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் விளக்கும் ஏர்பேக் விளக்கும் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், குறையை மறைக்க இணைப்பைத் துண்டித்திருக்கலாம். ஸ்கேனர் கருவியை இணைத்தால் பதிவான பிழைக்குறிகள் தெரியும். அவை சற்று முன்னர்தான் அழிக்கப்பட்டிருந்தால் அதையும் பல கருவிகள் காட்டிக்கொடுக்கும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள 4 இலக்கங்கள் அதன் வயதைச் சொல்லும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. டயரின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டையோ சஸ்பென்ஷனையோ கவனிக்க வேண்டும். மீட்டர் குறைவான கிலோமீட்டரைக் காட்டும்போது பிரேக் மிதியின் ரப்பரும் ஸ்டியரிங்கும் வழவழவென்று தேய்ந்திருந்தால், சர்வீஸ் ரசீதுகளில் உள்ள கிலோமீட்டர் கணக்கைக் கேட்டு ஒப்பிட வேண்டும்.

இறுதியாக ஓட்டிப் பார்த்தல். மட்டாஞ்சேரி பஜார் சாலையின் நெரிசலில் ஊர்ந்து பார்த்து வண்டியை அறிய இயலாது. தோப்பும்படி வழியாக வில்லிங்டன் தீவைக் கடந்து குண்டன்னூர் வரை சென்று வந்தால், பாலத்தின் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்குகிறதா, வேகத்தில் ஸ்டியரிங் அதிர்கிறதா, பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்பன தெரிந்துவிடும்.

கொச்சியில் தனிக் கவனம்: உப்பும் வெள்ளமும்

கடலும் காயலும் சூழ்ந்த இவ்வூரில் காற்றிலேயே உப்பு உண்டு. மேலே புதுப் பெயின்ட் மின்னினாலும் அடியில் துரு தின்றிருக்கலாம். ஆகவே வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்க்காத பரிசோதனை இங்கே அரைப் பரிசோதனைதான். பிரேக் குழாய்கள், சைலன்சர், கதவுகளின் கீழ் விளிம்பு ஆகியவை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

வெள்ளம் இன்னொன்று. 2018 ஆகஸ்ட் மாதப் பெருவெள்ளத்தில் பெரியாற்றங்கரையின் ஆலுவாவும் வடக்கு பரவூரும் நீரில் மூழ்கின. நெடும்பாசேரி விமான நிலையம் ஆகஸ்ட் 15 அன்று மூடப்பட்டு 29ஆம் தேதிதான் மீண்டும் திறந்தது. எண்ணற்ற வாகனங்களும் அந்நீரில் நின்றன. பழுதுநீக்கும் செலவு, காப்பீட்டில் அறிவிக்கப்பட்ட மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கொள்ளப்படுவது மோட்டார் காப்பீட்டு வழக்கம். அவ்வாறு கைவிடப்பட்ட வண்டியை மலிவாக வாங்கிச் செப்பனிட்டு மீண்டும் விற்போரும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் சென்னையில் கார் வாங்கியோருக்கும் இதே கவலை இருந்தது.

கே.எல். 41 ஆலுவாவையும், 42 வடக்கு பரவூரையும், 43 மட்டாஞ்சேரியையும் குறிக்கும். எனினும் பதிவெண் வண்டி பதிவான ஊரைச் சொல்லுமே தவிர, அது வெள்ளத்தில் நின்றதா என்பதைச் சொல்லாது. வண்டிதான் சொல்ல வேண்டும். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். அடிநுனியில் சேற்றுக் கறை இருக்கலாம். ஸ்டெப்னி வைக்கும் குழி, தரைவிரிப்பின் அடிப்பகுதி, இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகள், ஹெட்லைட்டின் உட்புறம் ஆகியவற்றில் வண்டலோ துருவோ இருந்தால் காரணம் கேளுங்கள். நீரில் நின்ற வண்டியின் மின்கம்பி இணைப்புகள் ஆண்டுகள் கடந்தும் ஒவ்வொன்றாகப் பழுதாகக்கூடும்.

தாளும் பரிசோதனைக்கு உரியதே

சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளவாறே வண்டியில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். முந்தைய கடன் தீர்ந்திருந்தாலும், கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் கொண்டு ஹைப்பாதிகேஷனை நீக்கினால்தான் பதிவு தெளிவாகும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள் வேண்டும். காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கோரிக்கையின்மைச் சலுகை விற்பவருக்கே உரியது. அது வண்டியுடன் வராது. பழைய காப்பீட்டில் பெரிய இழப்பீடு ஏதும் பெறப்பட்டதா என்பதையும் கேட்டறிவது நலம்.

அறிக்கையைக் கொண்டு என்ன செய்வது?

குறையே இல்லாத பழைய கார் இல்லை. தேய்ந்த டயர், பலமிழந்த பேட்டரி, கிளட்ச் போன்றவை விலை பேசுவதற்கான காரணங்கள். செலவைக் கணக்கிட்டு விலையில் குறைத்துக் கேட்கலாம். வளைந்த சட்டகம், வெள்ளத்தின் தடயம், பொருந்தாத சேஸிஸ் எண் ஆகியவற்றுக்கு விலைக்குறைப்பு ஈடாகாது. எழுந்து வந்துவிட வேண்டும். எஞ்சினைப் பிரித்துப் பார்க்காத எந்தப் பரிசோதனையும் முழு உத்தரவாதமன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மெக்கானிக்கிடம் காட்ட விற்பவர் மறுத்தால், அந்த மறுப்பையே அறிக்கையாகக் கொள்ளலாம்.

எங்கள் வேண்டுகோள் வரிசை பற்றியது. முதலில் பரிசோதனை, அதன்பின் விலை, அதன்பின் முன்பணம், இறுதியில் கடன் விண்ணப்பம். முன்பணம் கொடுத்தபின் காட்டினால், கொடுத்த பணம் போய்விடுமே என்ற அச்சத்தில் குறைகள் சிறியனவாகத் தோன்றும். பரிசோதனைக்கு முன்பே கொடுத்தாக வேண்டிய நிலை வந்தால், தொகையைச் சிறிதாக வைத்து, பரிசோதனையில் தேறாவிட்டால் திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மெக்கானிக்கின் அறிக்கையையும் கையில் எடுத்துக்கொண்டு கிளைக்கு வாருங்கள். எவ்வளவு கடன், எத்தனை ஆண்டுத் தவணை என்பதை அதன்பின் சேர்ந்து கணக்கிடலாம்.