எட்டு மணி நேரமும் நமது தறியும்

சென்ற மாதம் கணக்குப் பார்க்கப் பண்டசோழநல்லூர் சென்றிருந்தேன். பதிவேடுகளை மூடியபின் திண்ணைப் பேச்சு செங்கொடி இயக்கத்தின் பக்கம் திரும்பிற்று. “கொடி பிடித்தார்கள், ஆலை மூடிற்று, வேறென்ன கண்டோம்?” என்றார் கரும்பு பயிரிடும் அங்கத்தினர். “எட்டு மணி நேர வேலை யாரால் வந்தது தம்பி?” என்று முதிய நெசவாளர் ஒருவர் மடக்கினார். இருவரும் என் முகத்தை நோக்கினர். நான் பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று நழுவிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

1936 ஜூலை 30ஆம் நாள் புதுவை சவானா ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சு ஆட்சியினர் துப்பாக்கிப் பிரயோகம் செய்ததில் 12 பேர் மாண்டனர். அப்போது பாரிஸில் ஆண்டது லியோன் புளூமின் மக்கள் முன்னணி அரசு; அதுவும் இடதுசாரி அரசே! அங்கே ஆலைக்குள் அமர்ந்து போராடியவர்க்கு வாரம் 40 மணி நேர வேலை கிடைத்தது. இங்கே கிடைத்தது குண்டு. எனினும் வ. சுப்பையாவும் தோழர்களும் சோர்ந்துவிடவில்லை. 1937 ஏப்ரலில் வந்த ஆணை, சங்கம் அமைக்கும் உரிமையையும் எட்டு மணி நேர வேலையையும் சட்டமாக்கியது. முதியவர் சொன்னது மெய்.

ஆலை மூடியது கொடியினால் என்பது பொருந்தாது. அதன் பின்னும் பல பத்தாண்டுகள் நம் ஆலைகள் ஓடின. பழைய இயந்திரங்களும் பெருகிய நஷ்டமும் 2011இன் தானே புயலும் சேர்ந்து ஏ.எப்.டி. ஆலையை வீழ்த்தின, 2020இல் அது மூடப்பட்டது.

இயக்கத்தில் பிழையே இல்லையென்று சொல்லமாட்டேன். தெலங்கானாவில் ஏந்திய ஆயுதத்தை 1951இல் கட்சியே கீழே வைத்தது. என் மனக்குறை வேறு. எட்டு மணிச் சட்டம் ஆலை வாயிலோடு நின்றுவிட்டது. குழித்தறிக்கு மணியும் இல்லை, சங்கும் இல்லை, முழத்துக்குத்தான் கூலி. விடியுமுன் தார் சுற்ற உட்காரும் மனைவிக்கு அதுவும் இல்லை. நான் தணிக்கை செய்த சங்கங்களின் கூலிப் பதிவேடுகளில் நெய்தவர் பெயர் மட்டுமே கண்டேன். இத்தனை ஆண்டுகள் கையொப்பமிட்டும் அதைக் குறையென்று ஒரு வரி நான் எழுதியதில்லை.

தார் கூலிக்குத் தனிப் பத்தி வேண்டுமென்று அங்கத்தினர்கள் அடுத்த மகாசபையில் தீர்மானம் கொண்டுவரலாம். அதற்குரிய மாதிரிப் படிவத்தை நானே வரைந்து தருகிறேன்.