பொக்கு விழாத பூக்கொண்டை

பூத்து ஐந்தாறு நாளான சூரியகாந்திக் கொண்டை ஒன்றை விளிம்பிலிருந்து நடுப்பகுதி வரை உற்று நோக்குங்கள். நேற்றும் இன்றும் நாளையும் அதில் அடுத்தடுத்த வளையங்களாக அமைந்திருக்கும். புற வளையங்களில் உள்ள பூக்கள் கருவுற்று வாடத் தொடங்கியிருக்கும். அதற்கு உள்வளையத்தில், இரு கிளையாகப் பிரிந்து பின்னோக்கிச் சுருண்ட சூல்முடிகள் தெரியும். இன்னும் உள்ளே, பொன்னிறப் பூந்துகளைச் சுமந்த கருங்குழல்கள் நிமிர்ந்து நிற்கும். நடுவில், நாளையும் மறுநாளும் மலர வேண்டிய மொட்டுகள் மூடிக் கிடக்கும். நாளொன்றுக்கு ஒன்று முதல் நான்கு வரிசை வரை இம்மலர்ச்சி உள்நோக்கி நகர்கிறது. ஐந்து முதல் பத்து நாளில் நடுவை எட்டிவிடுகிறது. ஓர் உழவர் மூன்று மாதம் பாடுபட்டதன் பயன், பெரும்பாலும் இந்தச் சில நாள்களிலேயே உறுதியாகிறது.

நாம் ஒரு பூ என்று கருதுவது உண்மையில் பூக்களின் பெருங்கூட்டம். விளிம்பில் மஞ்சள் இதழ்களாகத் தோன்றுபவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பூக்கள். அவை மலட்டுப் பூக்கள், விதை தருவதில்லை. தேனீக்களை அழைப்பதே அவற்றின் தொழில். நம் கண்ணுக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் அவ்விதழ்களின் அடிப்பகுதி புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ள, நுனிப்பகுதி அதை எதிரொளிக்கிறது. புற ஊதாவைக் காணவல்ல தேனீக்கு அது ஒளிரும் வளையம் சூழ்ந்த கருவட்டமாகத் தெரியும். 2022இல் வெளிவந்த ஆய்வொன்று, வறண்ட நிலத்துக் காட்டுச் சூரியகாந்திகளில் இக்கருவட்டம் பெரிதாக இருப்பதையும், அத்தகைய இதழ்கள் நீரை மெதுவாகவே இழப்பதையும் எடுத்துக்காட்டியது. தேனீயை அழைக்கும் அதே நிறப்பொருள் வறட்சியையும் தாங்கத் துணைசெய்கிறது.

விதை தருபவை நடுவட்டில் செறிந்துள்ள சிறு பூக்களே. ஒரு கொண்டையில் அவை ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். ஒவ்வொன்றையும் ஊசிமுனையால் பிரித்தெடுத்தால், ஐந்து நுனி கொண்ட சிறு குழலும், அதன் அடியில் ஒரே ஒரு சூலைக் கொண்ட சூற்பையும் காணலாம். ஒரு பூ, ஒரு சூல், ஒரு விதை. ஒரு பூ கருவுறாமல் போனால் அதன் இடத்தில் பருப்பற்ற பொக்குதான் மிஞ்சும். அண்டையில் உள்ள பூ அதை ஈடுசெய்ய இயலாது.

அச்சிறு பூவின் வாழ்வு இரண்டு நாள். முதல்நாள் காலையில் அது ஆண். ஐந்து மகரந்தப்பைகளும் ஒட்டிக் குழலாகி, பூந்துகளைக் குழலின் உட்புறமாகவே உதிர்க்கின்றன. அடியிலிருந்து நீளும் சூல்தண்டு, குழாய்ப்புட்டைக் கோல் வெளியே தள்ளுவதுபோல், அத்துகளை மேலே தள்ளிக் கொண்டுவருகிறது. அந்நிலையில் சூல்முடியின் இரு கிளைகளும் கூப்பிய கைபோல் மூடியிருப்பதால், தன் துகளைத் தானே ஏற்பதில்லை. மறுநாள் அக்கிளைகள் விரிந்து, பூ பெண்ணாகிறது. வேறு செடியின் துகளைத் தேனீ கொண்டுவந்து சேர்க்க வேண்டிய நேரம் இது. யாரும் வராவிட்டால், கிளைகள் மேலும் மேலும் சுருண்டு, இறுதியில் தன் குழலின் மேல் எஞ்சிய துகளையே தொடுகின்றன. ஆனால் காட்டுச் செடிகளும் பழைய வகைகள் பலவும் தம் துகளை ஏற்க மறுக்கும் இயல்புடையவை. அவற்றில் இக்கடைசி முயற்சியும் பயன் தராது.

கொண்டையின் பரப்பைப் பயன்படுத்திக்கொள்வதில் இச்செடி காட்டும் ஒழுங்கு வியப்புக்குரியது. விதைகள் இரு திசைகளில் சுழலும் வளைகோடுகளாக அமைகின்றன. எண்ணிப் பார்த்தால் ஒருபுறம் 34, மறுபுறம் 55 என்றோ, பெருங்கொண்டையில் 55, 89 என்றோ வரும். முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையே அடுத்ததாக அமையும் ஃபிபொனாச்சி வரிசையைச் சேர்ந்த எண்கள் இவை. இதற்காகச் செடி கணக்குப் போடுவதில்லை. வளர்முனையில் புதிய அரும்பு ஒன்று, முன்னரே முளைத்தவற்றிலிருந்து எங்கே இடைவெளி மிகுதியாக உள்ளதோ அங்கே தோன்றுகிறது. 1868இல் செருமானியத் தாவரவியலாளர் ஹோஃப்மைஸ்டர் கூறிய விதி இது. 1992இல் பிரான்சின் இயற்பியலாளர்கள் டுவாடியும் கூடேயும், ஒன்றையொன்று விலக்கும் காந்தத் துளிகளை ஒரு தட்டில் விழச்செய்து, உயிரற்ற பொருளிலும் இதே சுழல்கோலம் பிறப்பதைக் காட்டினர். அடுத்தடுத்த இரு அரும்புகளுக்கு இடைப்பட்ட கோணம் ஏறத்தாழ 137.5 பாகையில் நிலைகொள்கிறது. கணினியியலின் முன்னோடியான ஆலன் டூரிங், தம் இறுதி ஆண்டுகளில் மான்செஸ்டரில் இப்புதிரில் ஆழ்ந்திருந்தார். அவர் நினைவாகப் பொதுமக்கள் வளர்த்த 657 கொண்டைகளின் வளைகோட்டு எண்ணிக்கை 2016இல் வெளியானபோது, பெரும்பாலானவை இவ்வரிசைக்கு உட்பட்டிருந்தன, உட்படாதவையும் இருந்தன. இவ்விலகல்களைப் பிழையென ஒதுக்காமல் அப்படியே பதிவுசெய்ததுதான் அவ்வாய்வின் சிறப்பு என்பேன்.

இவ்வமைப்பால் கொண்டையில் இடம் வீணாவதில்லை. ஆகவே நடுவில் விதை பொக்காவதற்கு இடநெருக்கடி காரணமன்று. விளிம்புப் பூக்கள் முதலில் கருவுற்று, செடியின் ஊட்டத்தை முதலில் பெறுகின்றன. நடுப்பூக்கள் பிந்தி மலர்ந்து, எஞ்சியதையே பெறுகின்றன. நீரோ ஊட்டமோ குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பவை அவையே.

சூரியனைப் பார்த்துத் திரும்பும் இயல்பைப் பற்றியும் ஒரு திருத்தம் தேவை. மலர்ந்த கொண்டை சூரியனைப் பின்தொடர்வதில்லை. இளஞ்செடிதான் பகலில் கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பி, இரவில் மீண்டும் கிழக்கு நோக்குகிறது. பகலில் தண்டின் கிழக்குப்புறம் மிகுதியாக நீள்வதால் முனை மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப்புறம் நீள்வதால் கிழக்கே திரும்புகிறது. சூரியன் இல்லாத இரவிலும் இது நிகழ்வதே, செடிக்குள் ஓர் உயிர்க்கடிகாரம் இயங்குவதற்குச் சான்று. கலிபோர்னியாவில் ஹாகோப் அதமியான், ஸ்டேசி ஹார்மர் முதலியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மேலிருந்து அசையாமல் ஒளி விழும் அறைக்குள் கொண்டுசெல்லப்பட்ட செடிகள் சில நாள்கள் வரை பழைய தாளத்திலேயே ஆடின. நாளின் நீளத்தை 30 மணியாக்கியபோது தாளம் குலைந்தது. திரும்ப இயலாமல் தடுக்கப்பட்ட செடிகளின் வளர்ச்சி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது.

தண்டின் நீட்சி நிற்கும்போது ஆட்டமும் நிற்கிறது. கொண்டை கிழக்கு நோக்கி நிலைத்துவிடுகிறது. அதன் பயனையும் அவ்வாய்வாளர்கள் அளந்தனர். காலை வெயில் நேராகப் பட்ட கிழக்கு நோக்கிய கொண்டைகள் விரைவில் சூடேறின. அவற்றுக்கு வந்த தேனீ முதலியவற்றின் எண்ணிக்கை, மேற்கே திருப்பி வைத்தவற்றுக்கு வந்ததைப்போல் ஐந்து மடங்கு இருந்தது. மேற்கு நோக்கியவற்றைக் காலையில் செயற்கையாகச் சூடேற்றியபோது அவற்றுக்கும் வருகை கூடியது. பூந்துகள் வெளிப்படும் காலைப்பொழுதில் கொண்டை வெதுவெதுப்பாக இருந்தால் தேனீ வரும். தேனீ வந்தால் சூல் நிறையும். தென்காசிக்கு அருகே சுந்தரபாண்டியபுரத்து வயல்களைக் காணக் கேரளத்திலிருந்து பெருந்திரளாக மக்கள் வருகின்றனர். கொண்டைகள் கிழக்கு நோக்கியே நிற்பதால், மாலையில் மேற்கிலிருந்து அவ்வயல்களை நோக்குபவர்களுக்குப் பச்சைப் புறமுதுகுகளே தெரியும். அவர்கள் செடியை மிதிக்காமல் வரப்பில் நின்று, காலையில் கிழக்குப்புறமிருந்து காண்பதே முறை.

இப்பயிரின் தாயகம் வட அமெரிக்கா. டென்னசி மாநிலத்து அகழ்வில் கிடைத்த, 4000 ஆண்டுகளுக்கு முற்பட்ட விதைகள், அப்போதே அங்கு இது வளர்ப்புப் பயிராகியிருந்ததைக் காட்டுகின்றன. காட்டுச் செடி பல கிளைகளில் பல சிறு கொண்டைகளைத் தாங்கும். ஒரே தண்டு, ஒரே பெருங்கொண்டை என்பது அம்மண்ணின் தொல்குடி உழவர்கள் தேர்ந்தெடுத்த வடிவம். அத்தொல்குடிகளுள் ஒன்றான ஹோப்பி மக்கள் கருவிதை வகையொன்றிலிருந்து சாயமும் எடுத்தனர். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்ற செடி, உருசியாவில்தான் எண்ணெய்ப் பயிராக ஓங்கியது. 20ஆம் நூற்றாண்டில் கிராசுனதாரில் வசீலி புஸ்தவோய்த் பல்லாண்டு தேர்வின் வழியே, மூன்றில் ஒரு பங்களவில் இருந்த விதை எண்ணெயை ஏறத்தாழப் பாதியாக உயர்த்தினார். 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவை உருசிய வகைகளே. அதே ஆண்டில் பிரான்சின் ஆய்வாளர் லெக்லேர் இப்பயிரில் ஆண்மலட்டுத் தன்மையைக் கண்டறிந்தது வீரிய ஒட்டு விதைக்கு வழிதிறந்தது. 1980இல் பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டான பி.எஸ்.எச்.-1ஐ வெளியிட்டது.

1990களில் இந்நாட்டில் 20 இலட்சம் எக்டேருக்கு மேல் பரவியிருந்த பயிர் இன்று சில இலட்சம் எக்டேருக்குள் சுருங்கிவிட்டது. 1997இல் கருநாடகத்தில் கண்டறியப்பட்ட திசுக்கருகல் நச்சுயிரி நோய் இதற்கு ஒரு காரணம். பார்த்தீனியக் களையின் பூந்துகளும் இலைப்பேனும் அந்நோயைப் பரப்புகின்றன. மலிவான இறக்குமதி எண்ணெய் மற்றொரு காரணம். 2022இல் உக்ரைனில் போர் மூண்டதும் நம் அடுக்களைகளில் எண்ணெய் விலை ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நம் கரிசல் மானாவாரியில் 90 நாளில் விளையக்கூடிய ஒன்றுக்கு நாம் கருங்கடல் துறைமுகங்களை நம்பியிருப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

விளைச்சல் குறைவு என்று கைவிட்டவர்களின் வயல்களில், நோய்க்கு அடுத்தபடியாகப் பொக்கே பெருங்குறையாக இருந்திருக்கும் என்பது என் துணிபு. அதற்குத் தீர்வு எளியது. ஆனால் நேரம் தவறக் கூடாது. ஒட்டுவகையைப் பாருக்குப் பார் 60 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. என ஊன்றுவர். மொட்டுவிடும்போதும் பூக்கும்போதும் விதை பால்பிடிக்கும்போதும் நீர் குறையக் கூடாது. விளிம்பு இதழ்கள் விரியும் நேரத்தில் ஒரு லிட்டர் நீருக்கு 2 கிராம் வெண்காரம் கரைத்துக் கொண்டையில் தெளிப்பர். வெண்காரத்தில் உள்ள போரான், சூல்முடியில் விழுந்த துகள் குழலாய் நீண்டு சூலை அடைய இன்றியமையாதது. எக்டேருக்கு ஐந்து தேனீப் பெட்டிகள் வைக்கலாம். தேனீ குறைந்த வயலில், காலை 8 முதல் 11 மணிக்குள், ஒருநாள் விட்டு ஒருநாளாக ஐந்து முறை, மெல்லிய துணி சுற்றிய உள்ளங்கையால் ஒவ்வொரு கொண்டையையும் மெல்லத் தடவிச் செல்வர். அருகருகே உள்ள இரு கொண்டைகளை முகத்தோடு முகம் மெல்ல உரசுவதும் உண்டு. முதல் முறையில் வெளிவளையமும் ஐந்தாம் முறையில் நடுவும் துகள் பெறுகின்றன. பூத்த வயலில் பூச்சிக்கொல்லி தெளிப்பது தன் விளைச்சலைத் தானே அழிப்பதாகும்.

கருவுற்ற சூல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதிர்கிறது. பருப்பின் இரு வித்திலைகளிலும் எண்ணெய், கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகப் புரத உறை போர்த்திச் சேர்கிறது. விதைத்தோலில் பரவும் கரியொத்த கரும்படலம், துளைத்து நுழைய முயலும் புழுவுக்குத் தடையாகிறது. விதை முதிரும் காலத்து வெப்பம் எண்ணெயின் இயல்பையே மாற்றுகிறது. குளிர்ந்த நாள்களில் லினோலிக் அமிலம் கூடும். வெயில் கடுமையானால், அதை ஆக்கும் நொதி தளர்ந்து ஒலியிக் அமிலம் மிகும். அதனால் ஒரே வகையாயினும், மார்கழிப்பட்டத்தில் விளைந்ததன் எண்ணெயும் சித்திரைப்பட்டத்தில் விளைந்ததன் எண்ணெயும் ஒன்றாக இருப்பதில்லை.

கொண்டையின் பின்புறம் எலுமிச்சை நிறம் பெற்றதும் அறுவடைக் காலம். அதற்குள் கிளிகள் வந்துவிடும். அறுவடை முடியும்வரை காவல் வேண்டும். அறுத்த கொண்டைகளைக் குவித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பரப்பி உலர்த்தித் தட்டி, விதையை மீண்டும் காயவைத்தே மூட்டையில் இட வேண்டும். புது விதையை உடனே விதைத்தால் பல முளைக்கா. அறுவடைக்குப் பின் சில வாரங்கள் கருவே உறங்கிக் கிடக்கிறது. அவ்வுறக்கம் கலைந்த விதையை ஊன்றினால் எண்ணெய் சர்க்கரையாக மாறி முளைக்கு ஊட்டமாகும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் வித்திலைகள் மண்ணைப் பிளந்து மேலெழும். சிலவற்றின் தலையில் கருந்தோல் தொப்பியாக ஒட்டிக்கொண்டே வரும். அதைக் கையால் பிய்த்தால் வித்திலையும் கிழியக்கூடும். நீர் தெளித்து விட்டால் தோல் இளகித் தானே விழுந்துவிடும்.