எதற்கெடுத்தாலும் ‘சூப்பர்’தானா? ஆங்கிலத்தில் அழகாகப் பாராட்ட சில வழிகள்!

தேர்வு முடிவு வந்தாலும், பதவி உயர்வு கிடைத்தாலும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுவது ‘கங்கிராட்ஸ்’, ‘சூப்பர்’, கூடவே ஒரு கட்டைவிரல். யார், எதைச் சாதித்தாலும் இதே மூன்றுதான். ஆனால், ஆளுக்கும் தருணத்துக்கும் ஏற்ற பாராட்டுகள் ஆங்கிலத்தில் நிறையவே உண்டு.

வெற்றி பெற்றவருக்கு...

‘கங்கிராஜுலேஷன்ஸ்’ என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு, சேர்ந்து மகிழ்வது என்று பொருள். இதற்குப் பின்னால் பலர் ‘ஃபார்’ போடுகிறார்கள். ‘கங்கிராஜுலேஷன்ஸ் ஆன் யுவர் ப்ரமோஷன்’ என ‘ஆன்’ போடுவதுதான் வழக்கம். உழைத்துப் பெற்ற வெற்றி என்றால் ‘வெல் டிசர்வ்ட்’ என்றும் சேர்க்கலாம்.

மேலதிகாரிக்கு...

‘குட் ஜாப்’, ‘வெல் டன்’ இரண்டும் பெரியவர் சிறியவரைத் தட்டிக்கொடுக்கும் தொனி கொண்டவை. மேலதிகாரியிடம் சொன்னால், அவருக்கு நாம் மார்க் போடுவதுபோல் ஆகிவிடும். ‘ஐ லேர்ன்ட் எ லாட் ஃப்ரம் யுவர் டாக்’ என்றால் மரியாதையாக இருக்கும்.

வெளிநாட்டினர் பாராட்டினால்...

பிரிட்டிஷ்காரர் ‘நாட் பேட்’ என்றால் முகம் வாட வேண்டாம். பல நேரங்களில் அது நல்ல பாராட்டு! ‘கொயட் குட்’ என்பது அமெரிக்கர் வாயில் ‘மிக நன்று’. பிரிட்டிஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் ‘பரவாயில்லை’தான்.

குழந்தைகளுக்கு...

கவனம் அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். உளவியலாளர்கள் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகளை 1998-ல் வெளியிட்டார்கள். புதிர்களை விடுவித்த குழந்தைகளில் சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும், சிலரை ‘நன்றாக முயன்றிருக்கிறாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து கடினமான புதிர்களைக் கொடுத்தபோது எல்லோருமே தடுமாறினார்கள். அதன்பிறகு, ‘புத்திசாலி’ என்று கேட்ட குழந்தைகளின் ஆர்வம் குறைந்தது. பழைய அளவுக்கு விடையளிக்கவும் முடியவில்லை. முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களோ முன்பைவிட நன்றாகச் செய்தார்கள்.

அதனால் ‘யூ ஆர் ஸோ ஸ்மார்ட்’ என்பதைவிட, ‘யூ வொர்க்ட் ரியலி ஹார்ட் ஆன் திஸ்’ மேல். தமிழில் சொன்னாலும் இதே கணக்குதான்.

அடுத்த முறை ‘சூப்பர்’ என்று டைப் செய்ததும் அனுப்பிவிடாதீர்கள். எது சூப்பர் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். அந்த ஒரு வரிதான் அவர்கள் மனதில் நிற்கும்!